55 இன்ச் டிவியில் மரியோவை ஒழுங்காகப் பார்ப்பது எப்படி?

பெரிய டிவியில் பழைய கேமைப் போட்டதும் படம் கலங்கலாகத் தெரிகிறதா? பெரும்பாலானவர்கள் உடனே ஒரு ஷேடரை, அதாவது படத்தைப் பழைய டிவி போலக் காட்டும் சிறு நிரலை, தேடிப் போடுவார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. முதலில் டிவி தன் இஷ்டத்துக்குச் செய்யும் கைவரிசையை நிறுத்த வேண்டும். அடுத்து படத்தை முழு எண்ணால் பெருக்க வேண்டும். அப்புறம்தான் ஷேடர். இந்த வரிசை மாறினால் எதைப் போட்டாலும் தேறாது.

நான் கம்ப்யூட்டரில் ரெட்ரோஆர்ச் என்ற எமுலேட்டர் (பழைய கேம் பெட்டிகளைப் போலவே நடிக்கும் மென்பொருள்) வைத்து எச்டிஎம்ஐ வழியாக டிவிக்குக் கொடுக்கிறேன். அதை நிறுவுவது, கேம் ஏற்றுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

கோளாறு எங்கே என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நின்டென்டோவின் என்இஎஸ் கொடுக்கும் படம் 256×240 புள்ளிகள். நம் வீட்டு கேசட் கேம் பெட்டிகள் பெரும்பாலும் அதன் நகல்கள்தான். ஃபுல் எச்டி டிவியில் 1080 வரிகள். 240ஐ 1080 ஆக்க 4.5 மடங்கு வேண்டும். அரைப் புள்ளி என்று ஒன்று கிடையாது. அதனால் ஒரு வரி 4 ஆகவும் அடுத்தது 5 ஆகவும் தடிக்கும். அகலத்திலும் இதே கதைதான். மரியோ ஓடும்போது செங்கல்களுக்கு நடுவே உள்ள கோடுகளை மட்டும் கவனியுங்கள். தடித்தும் மெலிந்தும் நெளிந்துகொண்டே போகும். அதை மறைக்க, பக்கத்துப் புள்ளிகளைக் கலந்து பூசும் பைலீனியர் ஃபில்டர் போட்டால் நெளிவு குறையும், ஆனால் எல்லாமே மங்கிவிடும்.

முதல் படி: டிவி

கேம் மோடைப் போடுங்கள். ஜம்ப் பட்டனை அழுத்துவதற்கும் மரியோ எம்புவதற்கும் இடையிலான தாமதத்தில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும். ஃப்ரேம்களுக்கு நடுவே டிவியே புது ஃப்ரேம்களைச் செருகும் மோஷன் ஸ்மூத்திங்கை நிறுத்துங்கள். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்ற பெயரில் இருக்கும். ஷார்ப்னெஸ்ஸைப் பல டிவிகளில் 0 வரை இறக்கலாம். சோனியில் 50தான் நடுநிலை, அதற்குக் கீழே போனால் படம் மங்கும்.

இனி ஓவர்ஸ்கேன். என்னை அதிகம் படுத்தியது இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பழைய பிக்சர் டியூப் டிவிகளில் படத்தின் ஓரங்கள் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துவிடும். அந்தப் பழக்கத்தை இன்றைய டிவிகளில் சிலவும் விடவில்லை. எச்டிஎம்ஐயில் வரும் படத்தையே கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கி ஓரங்களை வெட்டிவிடும். நீங்கள் கணக்குப் பார்த்து சரியாக 4 மடங்கு வைத்தாலும் டிவி அதை 4.1, 4.2 என்று இழுத்துவிடும். செங்கல் கோடு மறுபடி நெளியும். நீங்கள் எமுலேட்டரைச் சந்தேகிப்பீர்கள், கேபிளை மாற்றுவீர்கள், ஒன்றும் நடக்காது.

பிக்சர் சைஸ் அல்லது ஆஸ்பெக்ட் ரேஷியோ பகுதியில் பாருங்கள். எல்ஜியில் ஜஸ்ட் ஸ்கேன், சாம்சங்கில் ஃபிட் டு ஸ்க்ரீன், சோனியில் ஃபுல் பிக்ஸல் என்று இருக்கும். போட்ட பிறகு நம்பிக்கையின் பேரில் விடாமல் சோதித்துவிடுங்கள். டிவியின் ரெசல்யூஷன் எதுவோ அதே அளவில், கறுப்பும் வெள்ளையும் ஒரு புள்ளி விட்டு ஒரு புள்ளி வரும் சதுரங்கக் கட்டப் படம் ஒன்றை முழுத்திரையில் திறங்கள். தூரத்தில் இருந்து ஒரே சீரான சாம்பல் நிறமாகத் தெரிந்தால் சரி. அலை அலையாகப் பட்டைகள் தெரிந்தால் டிவி இன்னும் படத்தை இழுத்துக்கொண்டிருக்கிறது.

அந்த எச்டிஎம்ஐ இன்புட்டுக்கு பிசி என்று பெயர் வைக்க வழியிருந்தால் அதையும் செய்யுங்கள். பல டிவிகள் சாதாரண மோடில் நிறத்தைப் பாதி நுணுக்கத்தில்தான் கையாளும்; கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து கசிந்தது போல் தெரிவது அதனால்தான்.

இரண்டாம் படி: முழு எண்

ரெட்ரோஆர்ச்சில் செட்டிங்ஸ், வீடியோ, ஸ்கேலிங் போய் இன்டிஜர் ஸ்கேலை ஆன் செய்யுங்கள். ஆஸ்பெக்ட் ரேஷியோ 4:3. பைலீனியர் ஃபில்டர் ஆஃப். கோர் ஆப்ஷன்ஸில் (கோர் என்பது ரெட்ரோஆர்ச்சுக்குள் அந்தந்த கேம் பெட்டியாக நடிக்கும் பகுதி) மேல், கீழ் ஓரங்களை வெட்டும் வசதி இருந்தால் நிறுத்துங்கள், 240 வரியும் முழுதாக வரட்டும்.

ஃபுல் எச்டியில் உயரம் 4 மடங்கு, 960. அகலம் 1280, அதாவது 256ஐப் போல் சரியாக 5 மடங்கு. மேலும் கீழும் 60 வரி கறுப்பாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். 4கே டிவிக்காரர்களுக்கு யோகம்: 240ஐ 9ஆல் பெருக்கினால் 2160, திரை உயரத்துக்கு அச்சாகப் பொருந்தும். அகலம் முழு மடங்கில் வராது, ஆனால் 11 புள்ளிக்கும் 12 புள்ளிக்கும் உள்ள வித்தியாசம் சோபாவில் இருந்து தெரியவே தெரியாது.

16:9க்கு இழுத்து முழுத்திரை நிரப்பும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். குண்டு மரியோவைப் பார்க்க எனக்குச் சகிக்காது.

மூன்றாம் படி: ஷேடர்

இப்போது படம் சுத்தமாக இருக்கும், ஆனால் கட்டம் கட்டமாக உறுத்தும். அன்றைய ஓவியர்கள் டியூப் டிவியின் கசிவையும் கணக்கில் வைத்தே வரைந்தார்கள். 1991இல் வந்த சோனிக்கின் கிரீன் ஹில் அருவியைப் பாருங்கள். ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் செங்குத்துக் கோடுகள்தான் அது. ஏவி கேபிளின் மஞ்சள் பின் வழியே டியூபுக்குப் போகும்போது கலந்து, ஊடுருவித் தெரியும் தண்ணீராகிவிடும்.

ஆன்லைன் அப்டேட்டரில் ஷேடர்களை இறக்குங்கள். வீடியோ டிரைவர் வல்கன் அல்லது ஜிஎல்கோர் என்றால் ஸ்லாங் ஷேடர், வெறும் ஜிஎல் என்றால் ஜிஎல்எஸ்எல் ஷேடர். மாற்றி இறக்கிவிட்டு ஷேடர் வேலை செய்யவில்லை என்று உட்கார்ந்திருப்பவர்கள் ஏராளம். கேம் ஓடும்போது குயிக் மெனுவில் ஷேடர்ஸ், லோட் பிரீசெட்.

ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் என்றால் சிஆர்டி-பை ஷேடர் போதும். நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் 4கே டிவியும் இருந்தால் சிஆர்டி-ராயல். திரையை வளைத்துக் காட்டும் வகைகள் எனக்குப் பிடிக்காது. வளைவு அன்று நாம் விரும்பிக் கேட்டதா என்ன? எக்ஸ்பிஆர் போன்ற வழுவழுப்பாக்கும் ஃபில்டர்கள் இன்னும் மோசம், எல்லோரும் மெழுகு பொம்மை மாதிரி ஆகிவிடுவார்கள்.

ஷேடர் போட்டதும் படம் இருட்டும். அப்போது டிவியில் பிரைட்னெஸ்ஸை ஏற்றாதீர்கள், பல டிவிகளில் அது கறுப்பைத்தான் வெளுக்க வைக்கும். ஏற்ற வேண்டியது பேக்லைட்.

சேர்க்கை: அசல் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு

கேசட் கேமை ஏவி கேபிளில் நேராகச் செருகினால் படம் நடுங்குகிறது என்று பின்னூட்டத்தில் ஒருவர் எழுதியிருந்தார். அந்தப் பெட்டி அனுப்புவது 240பி, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமும் 240 வரி கொண்ட முழுப் படம். பல புது டிவிகள் அதை 480ஐ (இரண்டு பாதிகளாக வரும் 480 வரிப் படம்) என்று தவறாகப் புரிந்துகொண்டு இரண்டிரண்டு ஃப்ரேமாகக் கோத்துவிடுகின்றன. விலை மலிவான ஏவி-எச்டிஎம்ஐ டப்பாக்கள் பெரும்பாலும் செய்வதும் இதே தப்புதான். செலவு பரவாயில்லை என்றால், 240பியைச் சரியாகப் புரிந்துகொண்டு எச்டிஎம்ஐக்கு மாற்றும் ரெட்ரோடிங்க் 5எக்ஸ் வாங்குங்கள். அதே வேலையைச் செய்யும் ஓஎஸ்எஸ்சியும் நல்ல கருவிதான், ஆனால் மஞ்சள் பின்னை ஏற்காது. வாங்கும் முன் உங்கள் பெட்டியில் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக வரும் இணைப்பு) வருகிறதா என்று பாருங்கள்.

இன்னொரு சேர்க்கை

கேம்பாய்க்கும் இதே ஷேடரா என்று இன்னொருவர் கேட்டார். வேண்டாம். அதற்கு டியூபே கிடையாது, எல்சிடி திரைதான். எல்சிடி-கிரிட் வகை ஷேடர் போடுங்கள். அதன் உயரம் 144 வரி. 4கேயில் சரியாக 15 மடங்கு. கேம்பாய் அட்வான்ஸ் 160 வரி, 13 மடங்கு வைத்தால் மேலும் கீழும் 40 வரி மிஞ்சும்.