சஸ்டைனபிள் ஃபேஷன் படிக்க ஸ்காலர்ஷிப்: விண்ணப்பத்தைக் கவிழ்க்கும் தவறுகள்

ஒவ்வொரு சேர்க்கைக் காலத்திலும் நல்ல கைவேலை உள்ள மாணவர்களின் விண்ணப்பங்கள் முதல் சுற்றிலேயே விழுகின்றன. வரைதலில் குறை இருக்காது, தையலிலும் இருக்காது. முன்பு விழுந்தவர்கள் செய்த அதே தவறுகளைப் புதிதாக வருபவர்களும் செய்கிறார்கள். கடைசித் தேதி, எழுத்துப்பிழை, மங்கலான படம் ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுவோம்.

அளக்காமல் எழுதும் 'ஜீரோ வேஸ்ட்'

இந்தத் தவறுக்குத்தான் விலை அதிகம். தேர்வுக் குழுவில் துணி தெரிந்த ஒருவர் இருந்தாலே போதும், இந்த ஒரு சொல் மொத்தப் போர்ட்ஃபோலியோவையும் (உங்கள் வேலைகளின் தொகுப்பையும்) சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும்.

அடிக்கடி வரும் ஒரு பக்கத்தைப் பாருங்கள். ஐந்து பழைய ஜீன்ஸைப் பிரித்துத் தைத்த அழகான ஜாக்கெட். பக்கத்தில் பெரிய எழுத்தில் 'ஜீரோ வேஸ்ட்'. ஒரு ஜீன்ஸ் 650 கிராம் என்று வைத்தால் ஐந்தும் சேர்ந்து 3.25 கிலோ. ஜாக்கெட்டின் எடை 1.3 கிலோ. மீதி 1.95 கிலோ, அதாவது 60 சதவீதம், எங்கே போனது? இடுப்புப் பட்டி, ஜிப், ரிவெட், தேய்ந்த முட்டிப் பகுதி, தடித்த உள்தையல் எல்லாம் ஏதோ ஒரு மூட்டையில்தான் கிடக்கும். அந்த ஜாக்கெட் நல்ல அப்சைக்கிளிங் வேலை, அதாவது பழையதைப் புதிய பொருளாக்கும் வேலை; அப்படியே சொல்லியிருந்தால் மதிப்பெண் கிடைத்திருக்கும். ஜீரோ வேஸ்ட் என்பது வேறு முறை. துணியின் முழு அகலமும் உடுப்புக்குள் போகும்படி பேட்டர்னையே, அதாவது வெட்டும் துண்டுகளின் வடிவங்களையே, அமைப்பது அது. அப்படி அமைத்தவர்களும் அடுத்த கேள்விக்குத் தயாராக இருக்க வேண்டும்: மீடியம் அளவில் கச்சிதமாகப் பொருந்தும் அந்த அமைப்பு, எக்ஸ்எல்லுக்கு கிரேடிங் செய்யும்போது, அதாவது அளவைப் பெரிதாக்கும்போது, என்ன ஆகும்? துண்டுகள் ஒன்றோடொன்று பூட்டியிருப்பதால் ஒன்றைப் பெரிதாக்கினால் பக்கத்துத் துண்டு குறையும். இதற்கு ஒரு தீர்வை வரைந்து காட்டுபவர் உடனே தனித்துத் தெரிவார்.

அளப்பது கடினமும் இல்லை. சமையலறைத் தராசு போதும். துணியை வெட்டும் முன் நிறுங்கள். 150 செ.மீ. அகலம், 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்), இரண்டரை மீட்டர் என்றால் 675 கிராம் வரும். வெட்டிய பிறகு மிச்சத் துண்டுகளை எல்லாம் சேர்த்து நிறுங்கள். 95 கிராம் என்றால் வெட்டுக்கழிவு 14 சதவீதம். இந்த எண்ணோடு, மார்க்கர் படத்தையும் (துணியில் துண்டுகளை அடுக்கிய வரைபடம்) தராசில் துண்டுகள் இருக்கும் ஒரு புகைப்படத்தையும் அதே பக்கத்தில் வையுங்கள். பலரும் மறப்பது மாதிரி உடுப்பை: பொருத்தம் பார்க்கத் தைத்த மஸ்லின் துணியும் செலவான துணிதான். இரண்டு மாதிரி தைத்திருந்தால் இரண்டின் எடையையும் கணக்கில் காட்டுங்கள். "14 சதவீதம் மிஞ்சியது, அதில் பாதி பாக்கெட் உள்துணிக்குப் போனது" என்று எழுதினால் குழு நம்பும். "பூமியைக் காக்கும் உடுப்பு" என்றால் நம்பாது.

நம்பாததற்குக் காரணம் உண்டு. ஐரோப்பிய ஆணையம் 2020-ல் 150 பசுமை உரிமைகோரல்களைச் சோதித்தபோது, பாதிக்கு மேற்பட்டவை, 53 சதவீதம், தெளிவற்றவையாகவோ திசைதிருப்புபவையாகவோ ஆதாரமில்லாதவையாகவோ இருந்தன. 2022-ல் ரேயான் துணியை 'மூங்கில்' என்று விற்றதற்காக அமெரிக்காவில் இரண்டு பெரிய சில்லறை நிறுவனங்கள் மொத்தம் 55 லட்சம் டாலர் கட்டின. மூங்கில் கூழைக் கரைத்து இழையாக்கும்போது கார்பன் டைசல்பைடு போன்ற நச்சுப் பொருள் தேவைப்படும் விஸ்கோஸ் முறைதான் (அதில் கிடைப்பது ரேயான்) பெரும்பாலும் பயன்படுகிறது. இதைத் தெரிந்த நடுவர் முன் 'மூங்கில் துணி, எனவே இயற்கை' என்று எழுதினால், படிப்பதற்கு முன்பே பாடத்தில் தவறியதாக ஆகிவிடும்.

சான்றிதழிலும் இதே சறுக்கல்தான். ஜிஓடிஎஸ் (ஆர்கானிக் துணிக்கான உலகத் தரநிலை) சான்று பெற்ற துணியை வாங்கி வீட்டில் தைத்தால் அந்த உடுப்பு ஜிஓடிஎஸ் உடுப்பு ஆகாது. தைக்கும் இடம் உட்பட ஒவ்வொரு கட்டமும் சான்று பெற்றிருக்க வேண்டும். 'ஆர்கானிக்' என்ற தரத்துக்கு 95 சதவீத ஆர்கானிக் இழை வேண்டும், 'ஆர்கானிக் கலந்தது' என்பதற்கு 70. 'துணிக்குச் சான்று உண்டு, தையலுக்கு இல்லை' என்று போர்ட்ஃபோலியோவில் நேராக எழுதுங்கள், துணிக்கடைக்காரர் தந்த சான்று எண்ணையும் சேருங்கள். ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 இன்னொரு குழப்பம். முடிந்த துணியில் உடலுக்குக் கேடான பொருள்கள் வரம்புக்குள் இருக்கின்றனவா என்று அது சோதிக்கிறது. பருத்தி எப்படி விளைந்தது, ஆலைக் கழிவுநீர் எங்கே போனது என்பதற்கு அதில் பதில் இல்லை.

இழைக் கலவை தெரியாத பழைய துணியா? பராமரிப்பு லேபிளைப் படம் எடுங்கள். லேபிள் இல்லையென்றால் 'கலவை தெரியவில்லை' என்று எழுதுங்கள். எரித்துப் பார்க்கும் சோதனையில் பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி உருண்டையாகும்; இரண்டும் கலந்த துணியில் விகிதத்தைச் சொல்ல அது உதவாது.

இயற்கைச் சாயம் என்றால் ரசாயனமே இல்லை என்று எழுதுவது

பெரும்பாலான தாவரச் சாயங்கள் பருத்தியில் பிடிக்க நிறமூன்றி (மார்டன்ட்) என்ற இணைப்புப் பொருள் வேண்டும். படிகாரம் என்றால் துணி எடையில் 10 முதல் 15 சதவீதம் என்று அளவைச் சொல்லுங்கள். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டிருந்தால் அது நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. மிச்சச் சாயநீரை என்ன செய்தீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். மஞ்சள் கிழங்கின் சாயம் வெயிலில் வேகமாக வெளுக்கும். சாயமிட்ட துண்டின் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் படும் ஜன்னலில் இரண்டு வாரம் வைத்து, அந்தத் துண்டையே போர்ட்ஃபோலியோவில் ஒட்டுங்கள். வெளுத்திருந்தாலும் ஒட்டுங்கள். சோதித்துப் பார்த்தவர் என்பதுதான் குழுவுக்குத் தெரிய வேண்டும்.

டெட்ஸ்டாக் துணியின் அளவை மறைப்பது

ஆலையில் தேங்கிய துணி 20 மீட்டர்தான் கிடைத்தது, சட்டைக்கு இரண்டரை மீட்டர், எனவே எட்டுச் சட்டை. இதைச் சொல்லிவிட்டால் 'தீர்ந்ததும் என்ன செய்வீர்கள்' என்ற கேள்வி தாக்குதலாக வராது, உரையாடலாக வரும்.

'சஸ்டைனபிள் ஃபேஷன்' என்ற பெயரில் மட்டும் தேடுவது

அந்தப் பெயரிலேயே இருக்கும் நிதிகள் குறைவு, போட்டியோ அதிகம். ஜவுளித் தொழில்நுட்பம், கைத்தறி, பொருள் அறிவியல், கழிவு மேலாண்மை, சுழற்சிப் பொருளாதாரம் ஆகிய தலைப்புகளிலும் தேடுங்கள். துறை எதுவானாலும் தரும் பொது ஸ்காலர்ஷிப்களையும் விடாதீர்கள், ஆனால் தகுதி விதியை முதலில் படியுங்கள். பிரிட்டனில் முதுநிலை படிக்க உதவும் செவனிங் ஸ்காலர்ஷிப் 2,800 மணி நேரப் பணி அனுபவம் கேட்கிறது. படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டுகளாவது சொந்த நாட்டில் இருக்க வேண்டும். கல்லூரியை விட்டு நேராக வருபவர் அதற்கு ஒரு மாதம் செலவழிப்பது வீண்.

போட்டிப் பரிசை ஸ்காலர்ஷிப் என்று நினைப்பது

ஹாங்காங்கைச் சேர்ந்த ரீடிரஸ் டிசைன் அவார்ட் போன்றவை வடிவமைப்புப் போட்டிகள். வென்றால் வாசல் திறக்கும். அதை நம்பிக் கல்விக் கட்டணத்துக்குத் திட்டமிடாதீர்கள். எந்தப் போட்டியிலும் வடிவமைப்பின் உரிமை யாருக்கு என்ற பகுதியைக் கையெழுத்துக்கு முன் படியுங்கள்.

குழு வேலையைத் தனி வேலையாகக் காட்டுவது

'பேட்டர்னும் சாயமும் நான், தையல் இன்னொருவர்.' ஒரு வரி போதும்.

விண்ணப்பிக்கவே பணம் கேட்கும் ஸ்காலர்ஷிப்

விலகுங்கள்.

பரிந்துரைக் கடிதத்தைக் கடைசி வாரத்தில் கேட்பது

ஆறு வாரம் முன்பே கேளுங்கள். கூடவே ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்: எந்த நிதி, எதை எடைபோடுகிறார்கள், அவரிடம் நீங்கள் செய்த எந்த வேலையைச் சொன்னால் பொருந்தும். 'ஒழுக்கமான மாணவி' என்ற கடிதத்தைவிட, 'ஐந்து முறை மார்க்கரைத் திருத்திக் கழிவைக் குறைத்தார்' என்ற கடிதத்துக்கு எடை அதிகம்.

கல்விக் கட்டணத்தோடு கணக்கை முடிப்பது

ஃபேஷன் படிப்பில் மறைந்திருக்கும் செலவு துணியும் மாதிரித் தையலும்தான். பிரிண்டிங், இறுதித் தொகுப்புக்கான போட்டோ ஷூட், துணிச் சோதனைக் கட்டணம் ஆகியவையும் பெரும்பாலான ஸ்காலர்ஷிப்களில் வராது. பட்ஜெட் கேட்டால் இவற்றைத் தனி வரிகளாகக் காட்டுங்கள். பணம் கல்லூரிக்கு நேராகப் போகிறதா, உங்கள் கணக்குக்கு வருகிறதா, செலவழித்த பின் ரசீதுக்குத் தருகிறார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மூன்றாவது வகை என்றால் முதல் பருவத்துக்குக் கையில் பணம் வேண்டும். வேறொரு உதவித்தொகையும் கிடைத்தால் இதைக் குறைப்பார்களா என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். இரண்டாம் ஆண்டுக்குப் புதுப்பிக்கக் குறைந்தபட்ச மதிப்பெண் உண்டா, நடுவில் பாடப்பிரிவு மாறினால் தொகை நிற்குமா என்பதற்கும் சேர்க்கைக் கடிதத்தில் கையெழுத்திடும் முன்பே பதில் வந்துவிட வேண்டும்.