நான்கு குச்சிகளில் ஒரு படம்: பேஸ்டல் ஓவியத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி ஓவிய வகுப்பில் நான்கு வண்ணங்களுக்குள் பேஸ்டலில், அதாவது நிறமியைக் குச்சியாகச் செய்த வண்ணத்தில், ஒரு படத்தை முடிக்கச் சொல்லும்போதெல்லாம், மாணவனாக இருந்த காலத்தில் நான் செய்த தவறுகளைப் புதிய கைகள் அதே வரிசையில் செய்வதைப் பார்க்கிறேன். குச்சியை அழுத்தி உடைப்பது, கறைபட்ட கையைத் தாளின்மேல் ஊன்றுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. இரண்டாவது, மூன்றாவது படத்தில் அவை தாமாகவே சரியாகிவிடும். தாமாகச் சரியாகாதவை சில உண்டு. அவற்றுள் ஒன்று இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னைப் பொறுமை இழக்கச் செய்கிறது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பிடித்த நிறங்களை எடுத்துக்கொள்ளுதல்

நான்கே வண்ணங்கள் என்றதும் மாணவர்கள் பெட்டியிலிருந்து தமக்குப் பிடித்தவற்றை எடுத்து வைக்கிறார்கள்: சிவப்பு, இலைப்பச்சை, நீலம், ரோஸ். பெயரளவில் நான்கும் வேறு வேறு நிறங்கள்தாம். ஆனால் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தால், அவற்றின் அடர்த்தி, அதாவது ஒரு நிறம் எவ்வளவு வெளிறியது அல்லது இருண்டது என்பது, ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பது தெரியும். படத்தில் எது முன்னால் நிற்கிறது, எது பின்னால் போகிறது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்பதையெல்லாம் கண்ணுக்குச் சொல்வது பெரும்பாலும் அடர்த்தி வேறுபாடுதான். நிற வேறுபாடு அதற்கு அடுத்தபடியாகத்தான் வருகிறது.

நீர்வண்ணத்தில் இந்தத் தவறு இவ்வளவு தூரம் பாதிப்பதில்லை. ஒரே நீலத்தைத் தண்ணீர் விட்டு வெளிறச் செய்யலாம், கெட்டியாகப் பூசி அடர்த்தியாக்கலாம். பேஸ்டல் குச்சியின் அடர்த்தியோ அது செய்யப்பட்டபோதே முடிவாகிவிட்டது. தாளின் நிறம் இடையில் தெரியும்படி மென்மையாகத் தீட்டுவதும், வேறொரு குச்சியை மேலே இடுவதும் தவிர நமக்கு வழியில்லை. எனவே குச்சிகளைத் தேர்ந்தெடுக்கும் அந்த ஒரு நிமிடத்திலேயே படத்தின் வெளிச்சமும் இருளும் பெருமளவு தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றன.

பள்ளிக் கண்காட்சி ஒன்றுக்காக, மாலை நேரத்து நீர்நிலையையும் இரண்டு படகுகளையும் சிவப்பு, ஆரஞ்சு, ரோஸ், ஊதா ஆகிய நான்கில் தீட்டினேன். மேசையில் வைத்துப் பார்க்கும்போது அழகாகவே இருந்தது. சுவரில் மாட்டிவிட்டு அறையின் மறுகோடியிலிருந்து பார்த்தபோது படகுகளைக் காணவில்லை. அவை தண்ணீரோடு தண்ணீராகக் கலந்துவிட்டிருந்தன. பதறிப்போய்க் கறுப்புக் குச்சியை எடுத்துப் படகுகளைச் சுற்றிக் கோடிட்டு, நிழலுக்காக அதையே விரலால் தேய்த்தேன். விரலில் ஒட்டிய கறுப்பு வானத்துக்கும் ஏறியது. அதை மறைக்க மஞ்சளை இட்டபோது, தாளின் சொரசொரப்பு முழுவதும் ஏற்கெனவே நிரம்பிவிட்டதால் மஞ்சள் பிடிக்காமல் வழுக்கி, அடியிலிருந்த கறுப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓர் அழுக்குப் பச்சையாக மாறியது. ஒரு வாரத்து உழைப்பு அன்று மாலையே வீணானது. இப்போதும் வகுப்பில் யாராவது பாதிப் படத்தில் எழுந்து வந்து, "ஐயா, கறுப்பு மட்டும் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டால், எழுந்துபோய் அந்தப் படத்தைப் பார்க்காமலேயே அதில் என்ன நடந்திருக்கும் என்பது எனக்குத் தெரிந்துவிடுகிறது.

மிக அடர்ந்தது ஒன்று, மிக வெளிறியது ஒன்று, இடைப்பட்டவை இரண்டு என்று எடுங்கள். கருநீலம், வெளிர் மஞ்சள், ஆரஞ்சு, காவி ஆகியவை நல்ல தொடக்கம். எடுத்தவற்றை ஒரு துண்டுத் தாளில் கட்டம் கட்டமாகத் தீட்டிக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். இரண்டு கட்டங்கள் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் ஒன்றை மாற்றிவிடுங்கள். ஆரஞ்சு நிறப் பானையின் நிழலுக்கும் கறுப்பு தேவையில்லை: நிழல் விழும் பக்கத்தில் கருநீலத்தை மெலிதாக இட்டு அதன்மேல் ஆரஞ்சைத் தீட்டினால், படத்தின் மற்ற நிறங்களோடு உறவுள்ள ஒரு பழுப்பு கிடைக்கும்.

கறுப்பே கூடாது என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். ஸ்வீடன் நாட்டு ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் (1860–1920) பெயரால் இன்றும் வழங்கும் நான்கு வண்ணத் தொகுப்பில் மஞ்சள் காவி, வெர்மிலியன் சிவப்பு, வெள்ளை ஆகியவற்றோடு கறுப்பும் இருக்கிறது. அவர் தீட்டியது எண்ணெய் வண்ணத்தில் என்றாலும் கணக்கு ஒன்றுதான்: கடைக்கோடி இருளும் கடைக்கோடி வெளிச்சமும் நடுவில் இரண்டும். கறுப்போடு வெள்ளை சேர்ந்த சாம்பல், சிவப்பும் காவியும் சூழ்ந்த இடத்தில் நீலம்போலவே தோன்றும். அங்கே கறுப்பு முதல் கோட்டிலிருந்தே ஒரு நிறமாக வேலை செய்கிறது. முடிவில் படத்தைக் காப்பாற்றுவதற்காகக் கொண்டுவரும் கறுப்புக்கு அந்த உறவு வாய்ப்பதில்லை.

வெள்ளைத் தாளே தாள் என்று நினைத்தல்

தாளின் நிறம் ஐந்தாவது குச்சி. பழுப்பு அல்லது சாம்பல் நிறத் தாளில் தொடங்கினால் இடைப்பட்ட அடர்த்தி ஒன்று செலவில்லாமல் கிடைக்கிறது. வெளிச்சத்தையும் இருளையும் மட்டும் இட்டாலே உருவம் எழுந்துவிடும்.

வழவழப்பான தாள்

வேண்டாம். அதில் இரண்டாம் அடுக்கு நிற்காது.

எல்லா இடத்தையும் விரலால் தேய்த்தல்

தேய்ப்பது ஒரு நல்ல உத்தி. வானத்துக்கும் தூரத்து மலைக்கும் அது பொருந்தும். ஆனால் குறைந்த வண்ணங்களில் வேலை செய்யும்போது, அடுத்தடுத்து நிற்கும் சிவப்புக் கோடுகளும் மஞ்சள் கோடுகளும் தள்ளி நின்று பார்க்கும் கண்ணில் ஆரஞ்சாகச் சேருகின்றன. இல்லாத நிறத்தை உண்டாக்கும் வழி இது. அவற்றைத் தேய்த்துவிட்டால் துடிப்பு போய்விடுகிறது. பிரெஞ்சு ஓவியர் எட்கர் தெகா தம் பேஸ்டல் படங்களில் கோடுகளின்மேல் வேறு நிறக் கோடுகளை அடுக்கிச் சென்றதை ஒரு முறை நெருங்கிப் பார்த்த மாணவர்கள் பிறகு அவ்வளவு அவசரமாகத் தேய்ப்பதில்லை.

குச்சியின் நுனியைத் துடைக்காமல் இருத்தல்

ஆயில் பேஸ்டல் என்னும் எண்ணெய்ப் பிசுக்குள்ள வகையில் அடர் நிறத்தின்மேல் வெளிர் நிறத்தை இழுத்தால், நுனி அடியிலுள்ள நிறத்தை வாரிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் துணியில் துடையுங்கள்.

தூளை வாயால் ஊதுதல்

சாஃப்ட் பேஸ்டல் என்பது சாக்பீஸ்போல உலர்ந்த வகை; அதன் தூள் மூச்சுக்குள் போகும். தாளைச் செங்குத்தாக நிறுத்திப் பின்புறம் மெல்லத் தட்டினாலே போதும்.

முடிந்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குதல்

ஆயில் பேஸ்டலில் நிறமியோடு மெழுகும் காயாத எண்ணெயும் கலந்திருக்கின்றன. எத்தனை நாள் வைத்திருந்தாலும் அது எண்ணெய் வண்ணம்போல இறுகிக் காய்வதில்லை. சாஃப்ட் பேஸ்டலுக்கு, தூளைத் தாளில் பிடித்துவைக்கும் ஃபிக்ஸேட்டிவ் என்ற திரவத்தைத் தெளிக்கலாம், ஆனால் அதிகம் தெளித்தால் வெளிர் நிறங்கள் மங்கி, கவனமாகத் தேர்ந்தெடுத்த அந்த ஒரே வெளிச்சக் குச்சியின் பலன் குறைந்துவிடும். இரண்டுக்கும் பொருந்துவது, படங்களுக்கு நடுவே பட்டர் பேப்பரை வைத்து, உராயாதபடி தட்டையாக வைப்பதுதான்.