சிட்டிசன்ஷிப்புக்கு வக்கீல் வேண்டுமா? யாரிடம் போவது?

அமெரிக்காவில் கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடம் நெருங்கியதும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "வக்கீல் வைக்கணுமா, நாமே ஃபைல் பண்ணிடலாமா?" நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் நடக்கும் குடியுரிமை உதவி முகாம்களில் பல வருடமாகத் தன்னார்வலராக இருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. தமிழ் மட்டும் தெரிந்த பெரியவர்களுக்கு மொழிபெயர்ப்பதும், காகிதங்களை ஒழுங்குபடுத்திக் கொடுப்பதும்தான் என் வேலை. அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். ஒழுங்காக வரி கட்டி, போலீஸ் கேஸ் எதுவும் இல்லாமல், வருடத்துக்கு ஒரு தடவை மூன்று வாரம் ஊருக்குப் போய்வருபவருக்கு வக்கீல் தேவையில்லை. குடியுரிமை விண்ணப்பமான என்-400 படிவத்தை, குடியேற்ற விண்ணப்பங்களைப் பார்க்கும் அரசுத் துறையான யு.எஸ்.சி.ஐ.எஸ். தளத்திலேயே நிரப்பி அனுப்பிவிடலாம். ஐந்து வருடம் முடிவதற்கு 90 நாள் முன்பே அனுப்பலாம். அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ மணந்து மூன்று வருடமாகச் சேர்ந்து வாழ்பவர்களுக்கு மூன்றே வருடம் போதும்.

ஆனால் சிலருக்கு வக்கீல் கட்டாயம் வேண்டும், அதுவும் விண்ணப்பம் போடும் முன்பே. என்-400 போட்டால் விசா காலத்திலிருந்து உங்கள் கோப்பு முழுவதையும் அதிகாரி புரட்டுவார். உள்ளே சிக்கல் இருந்தால் விண்ணப்பம் தள்ளுபடியாவதோடு நிற்காது, நாடு கடத்தும் வழக்கு வரைக்கும் போகலாம்.

முகாமில் நான் அதிகம் பார்ப்பது, பிள்ளைகள் ஸ்பான்சர் செய்து வந்த அம்மா அப்பாக்களை. குளிர்காலம் ஒத்துக்கொள்ளாது, ஊரில் வீடு இருக்கிறது, கண் ஆபரேஷன் இருக்கிறது என்று கிளம்பினால் ஏழெட்டு மாதம் ஆகிவிடும். ஒரே பயணம் ஆறு மாதத்தைத் தாண்டினால் உங்கள் தொடர் வசிப்பு, அதாவது இங்கேயே விடாமல் குடியிருந்த கணக்கு, அறுந்துவிட்டதாகத்தான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, வரிக் கணக்கு, இங்கேயே இருந்த குடும்பம், ஊரில் ஆஸ்பத்திரி கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் அதற்குத்தான். ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகிவிட்டால் வாதாடவே இடமில்லை. திரும்பி வந்த நாளிலிருந்து குறைந்தது நான்கு வருடமும் ஒரு நாளும் காத்திருக்க வேண்டும். "நாங்கள் ரீஎன்ட்ரி பெர்மிட் வாங்கிட்டுத்தானே போனோம்" என்று பலர் சொல்வார்கள். நீண்ட நாள் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வருவதற்கான அந்தப் பெர்மிட் கிரீன் கார்டைத்தான் காப்பாற்றும், சிட்டிசன்ஷிப்புக்கான கணக்கைக் காப்பாற்றாது. இதைத் தவிர, ஐந்து வருடத்தில் மொத்தம் 30 மாதமாவது இந்த மண்ணில் இருந்திருக்க வேண்டும்.

பயணத் தேதிகளைச் சாப்பாட்டு மேஜையில் பழைய பாஸ்போர்ட்டுகளையும் பரப்பி வைத்துக்கொண்டு எழுதுங்கள். அமெரிக்காவை விட்டுக் கிளம்பும்போது இங்கே முத்திரை குத்துவதில்லை. அதனால் சென்னையில் இறங்கிய முத்திரையைப் பார்த்து அந்தத் தேதியையே எழுதிவிடுகிறார்கள். நியூவர்க்கில் விமானம் ஏறியது அதற்கு ஒரு நாளோ இரண்டு நாளோ முன்பு. படிவம் கேட்பது இங்கிருந்து கிளம்பிய தேதி. விமான டிக்கெட் மின்னஞ்சலையும் ஐ-94 என்ற அரசின் வருகைப் பதிவுத் தளத்தில் கிடைக்கும் பயண வரலாற்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கூட்டிப் பார்க்கும்போது ஒரு பயணம் 180 நாளை ஒட்டி நின்றால், அந்தப் பட்டியலோடு வக்கீலிடம் போங்கள்.

அடுத்தது போலீஸ். கடையில் பொருள் எடுத்ததாக ஒரு சம்மன், குடித்துவிட்டு ஓட்டியது, கணவன் மனைவி சண்டையில் யாரோ 911-க்கு அடித்தது, இப்படி எதுவாக இருந்தாலும் "கேஸ் தள்ளுபடி ஆயிடுச்சு, ரெக்கார்டையே அழிச்சிட்டாங்க" என்று விட்டுவிடாதீர்கள். படிவம் கைதானது உண்டா என்றும் கேட்கிறது. அழிக்கப்பட்ட கேஸையும் சொல்லியாக வேண்டும். நீதிமன்றத்தில் சான்றிட்ட தீர்ப்பு நகலை வாங்கி, குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் காட்டுங்கள். கிரிமினல் வக்கீல் "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லியிருந்தாலும் காட்டுங்கள். இரண்டும் வேறு வேறு சட்டம்.

டிரைவிங் லைசென்ஸ் எடுக்கும்போது தெரியாமல் வாக்காளர் பதிவுக்கும் டிக் அடித்தவர்கள் இருக்கிறார்கள். ஓட்டே போடாவிட்டாலும், வாக்காளராகப் பதிந்தது உண்டா என்று என்-400 கேட்கும். அப்படி ஒரு சந்தேகம் இருந்தால், வக்கீலைப் பார்க்கும்வரை விண்ணப்பத்தைத் தொடாதீர்கள்.

இலங்கையிலிருந்து அகதித் தஞ்சம் பெற்று வந்தவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். விடுதலைப் புலிகளை அமெரிக்கா 1997-இல் பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலில் சேர்த்தது. இயக்கத்துக்குப் பணமோ சாப்பாடோ கொடுத்தது, மிரட்டலுக்குப் பயந்து கொடுத்ததாக இருந்தால்கூட, சட்டத்தில் 'பொருளுதவி' என்ற தலைப்புக்குள் வரலாம். தஞ்சம் கேட்டபோது என்ன சொன்னீர்களோ அது கோப்பில் இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தின்படி அந்தக் கோப்பின் நகலைக் கேட்டு வாங்கி, தஞ்ச வழக்குகள் நடத்திப் பழகிய வக்கீலோடு உட்கார்ந்து படித்துவிட்டு அப்புறம் ஃபைல் பண்ணுங்கள். உயிர் பிழைக்க வந்தவர்கள், அவசரத்தில் எழுதிய ஒரு வரியால் மறுபடி அல்லாடக் கூடாது.

சரி, யாரிடம் போவது? சட்ட ஆலோசனை சொல்லும் உரிமை இரண்டு வகையினருக்குத்தான் உண்டு. ஒன்று, ஏதாவது ஒரு மாநிலத்தில் உரிமம் பெற்ற வக்கீல். குடியேற்றம் மத்தியச் சட்டம் என்பதால் டெக்சஸ் வக்கீல் நியூ ஜெர்சிக்காரருக்கும் வாதாடலாம். இன்னொன்று, அமெரிக்க நீதித்துறையின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதி. இவர்கள் லாப நோக்கமில்லாத அமைப்புகளில் வேலை செய்வார்கள், கட்டணம் குறைவு அல்லது இலவசம். வக்கீலின் உரிமத்தை மாநில பார் கவுன்சில் அல்லது நீதிமன்றத் தளத்தில் தேடலாம். அங்கீகாரம் பெற்றவர்களின் பட்டியல் நீதித்துறைத் தளத்தில் மாநிலவாரியாக இருக்கிறது. ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானவர்களின் பட்டியலும் அங்கேயே உண்டு, அதையும் பாருங்கள். கத்தோலிக்கச் சாரிட்டீஸ் கிளைகள் பல ஊர்களில் உதவுகின்றன. நியூயார்க்கில் சிட்டி யுனிவர்சிட்டியின் 'சிட்டிசன்ஷிப் நௌ' இலவசமாகவே செய்து தருகிறது.

வரிக் கணக்குப் போடுபவர், டிராவல்ஸ் வைத்திருப்பவர், நோட்டரி இவர்களுக்கெல்லாம் அந்த உரிமை இல்லை. படிவத்தின் கடைசியில், நிரப்பிக் கொடுத்தவர் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட ஒரு பகுதி இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு அங்கே கையெழுத்துப் போட மாட்டேன் என்பவரிடமிருந்து காகிதங்களை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். முகாமுக்கு வந்த ஒரு அம்மாவுக்கு அப்படி ஒருவர், "இதைச் சொன்னா இழுத்தடிப்பாங்க" என்று நீண்ட பயணம் ஒன்றை விட்டுவிட்டு நிரப்பிக் கொடுத்திருந்தார். குடியுரிமை அதிகாரி நடத்தும் நேர்காணலில் பதில் சொல்ல வேண்டி வந்தது அந்த அம்மாதான்.

வக்கீலிடம் கட்டணத்தை எழுத்தில் கேளுங்கள். அரசுக் கட்டணம் அதில் அடங்குமா, நேர்காணலுக்குக் கூட வருவாரா, வக்கீல் தான் உங்கள் பிரதிநிதி என்று அறிவிக்கும் ஜி-28 படிவம் போட்டு உங்கள் தரப்பில் ஆஜராவாரா என்பதும் அதில் இருக்கட்டும். முழு வேலையையும் கொடுக்க வசதியில்லை என்றால், நீங்களே நிரப்பியதை ஒரு மணி நேரம் சரிபார்க்க மட்டும் கேட்கலாம், பலர் ஒத்துக்கொள்வார்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அரசுக் கட்டணம் இணையவழி 710 டாலர், காகிதத்தில் 760. வருமானம் மத்திய வறுமைக் கோட்டைப் போல நான்கு மடங்குக்குள் இருந்தால் 380 டாலர்தான். ஒன்றரை மடங்குக்குள் இருந்தால் ஐ-912 படிவம் மூலம் முழு விலக்குக் கேட்கலாம்.

தேர்வுக்குப் பயப்படும் பெரியவர்களுக்கு: 50 வயது தாண்டி, கிரீன் கார்டோடு 20 வருடம் வாழ்ந்திருந்தாலோ, 55 தாண்டி 15 வருடம் ஆகியிருந்தாலோ ஆங்கிலத் தேர்வு இல்லை. அமெரிக்க வரலாறு, அரசு பற்றிய குடிமையியல் கேள்விகளுக்குத் தமிழிலேயே மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பதில் சொல்லலாம். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 128 கேள்விகளிலிருந்து 20 வரை கேட்பார்கள், 12 சரியாக வேண்டும். 65 வயது தாண்டி, கிரீன் கார்டோடு 20 வருடம் வாழ்ந்தவர்கள் 20 கேள்விகள் படித்தால் போதும். மறதி நோய் மாதிரி உடல், மனக் குறைபாடு இருந்தால் தேர்விலிருந்து விலக்குக் கேட்க டாக்டர் என்-648 படிவம் நிரப்ப வேண்டும். வயதாகிவிட்டது என்று மட்டும் எழுதினால் ஏற்க மாட்டார்கள். நோய் எப்படிப் படிப்பதைத் தடுக்கிறது என்று விளக்க வேண்டும்.

விண்ணப்பத்தை மறுத்துவிட்டால் 30 நாளுக்குள் என்-336 படிவம் மூலம் மறுவிசாரணை கேட்கலாம். அதிலும் தோற்றால் மத்திய மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது. நேர்காணல் முடிந்து 120 நாளாகியும் முடிவு சொல்லாவிட்டாலும் அதே நீதிமன்றத்துக்குப் போகலாம். இந்தக் கட்டத்தில் வக்கீல் இல்லாமல் போகாதீர்கள்.

இன்ஷியலோடு பெயர் வைத்திருக்கும் நமக்கு இன்னொரு வேலை. அப்பா பெயர் முதலிலும் உங்கள் பெயர் கடைசியிலுமாகப் பாஸ்போர்ட்டில் மாறிக் கிடந்தால், என்-400-லேயே பெயர் மாற்றம் கேட்கலாம், தனிக் கட்டணம் இல்லை. அதை நீதிபதிதான் செய்ய முடியும் என்பதால், நீதிமன்றத்தில் நடக்கும் உறுதிமொழி விழாவுக்குச் சில வாரம் கூடுதலாகக் காத்திருக்க நேரலாம். விழாவில் சான்றிதழைக் கையில் கொடுத்ததும் பெயர், பிறந்த தேதியை எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். தவறு இருந்தால் அங்கிருக்கும் அதிகாரியிடம் அப்போதே சொல்லுங்கள்.