ஊர்ப் பிரச்சினைகளில் பிள்ளைகளை ஈடுபடுத்துகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீதி பழுதடைந்தாலும் குடிநீர் கிடைக்காவிட்டாலும் இலங்கையின் வடக்கே வன்னியில் நடைபெறும் கவனயீர்ப்புப் போராட்டங்களில் சீருடை அணிந்த பிள்ளைகள் முன்வரிசையில் நிறுத்தப்படுவதைப் பலரும் கண்டிருப்பர். பதாகையின் வாசகத்தையும் மகஜரையும் பெரியவர்களே எழுதியிருப்பார்கள். கையளிக்கும் வேலை மட்டும் பிள்ளைக்கு விடப்படும். அந்த வீதி எந்த அலுவலகத்தின் பொறுப்பில் உள்ளது என்பதைக்கூட அறியாமலே பிள்ளை வீடு திரும்புகிறது. தவறுகளில் மிகப் பெரியது இதுவே. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, தன்னைப் பாதிக்கும் விடயங்களில் தன் கருத்தைச் சொல்லும் உரிமையைப் பிள்ளைக்கு வழங்குகிறது. அந்தக் கருத்து உருவாவதற்குப் பிள்ளை முதலில் கண்ணால் பார்க்கவும், கேட்டறியவும், எழுதிவைக்கவும் வேண்டும்.

பெரிய பிரச்சினையோடு தொடங்குவதும் தவறு. பாடசாலைக்குப் போகும் வழியில் வீதிக்குக் கீழே மழைநீர் ஓடும் ஒரு மதகு போதும். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை, மழை பெய்த ஒவ்வொரு காலையிலும் தரம் 8 பிள்ளைகள் அளவு குறித்த தடியொன்றால் வீதியில் நிற்கும் நீரின் ஆழத்தை அளந்து, திகதி, நேரம், அன்று பஸ் வந்ததா இல்லையா என்பவற்றை ஒரு கொப்பியில் பதியலாம். அயல்வீட்டு அம்மம்மாவிடம் எந்த ஆண்டிலிருந்து இப்படி நீர் நிற்கிறது என்று கேட்கலாம். நீர் வற்றிய பின் மதகின் வாயைப் பார்த்தால், அதை அடைத்திருப்பவற்றில் மண்ணுடன் கடைத் தெருவின் பொலித்தீன் பைகளும் கிடக்கக்கூடும். ஊரவர் தாமே செய்யவேண்டியது எது, அரசிடம் கேட்கவேண்டியது எது என்ற பாகுபாட்டைப் பிள்ளை அந்த இடத்திலேயே கற்கிறது. குடியியற் கல்விப் பாடநூலை மனனம் செய்து இதைப் பெறமுடியாது. ஆனால் அளவெடுப்பதை ஆண் பிள்ளைகளுக்கும் எழுதுவதைப் பெண் பிள்ளைகளுக்கும் என்று ஆசிரியர் பிரித்துவிடக் கூடாது.

அடுத்த தவறு, எல்லாவற்றுக்கும் கிராம அலுவலரிடமோ அரசியல்வாதியிடமோ ஓடப் பழக்குவது. யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 பெருந்தெரு, வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. மாகாண வீதிகளுக்கு மாகாணத் திணைக்களம் உண்டு. ஊரின் உள்வீதிகளும் குப்பை அகற்றலும் பிரதேச சபையின் பொறுப்பு. சிறு குளங்களுக்குக் கமநல சேவை நிலையத்தை நாடவேண்டும். உரிய இடத்தைப் பிள்ளைகளே விசாரித்துக் கண்டறியட்டும். கடிதத்துக்குப் பதில் வராதபோது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவும்: கோரிக்கை கிடைத்து 14 வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் தீர்மானிக்க வேண்டும். கேள்விகளைப் பிள்ளைகள் எழுத, கோரிக்கையில் பெற்றோரோ ஆசிரியரோ கையொப்பமிடுவதே பொருத்தம்.

ஒரு பக்க நியாயத்தை மட்டும் ஊட்டுவதையும் தவிர்க்க வேண்டும். கிளிநொச்சியிலுள்ள இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். கோடைகால நெற்செய்கையான சிறுபோகத்துக்கே நீர் போதாது என்பது அவர்களின் கவலை. சுண்ணக்கல் நிலத்தடி நீரையே பெரும்பாலும் நம்பி வாழும் குடாநாட்டு மக்களுக்கும் தாகம் உண்மையானது. பின்னர் யாழ்ப்பாண மாவட்டத்தின் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு 2024இல் திறக்கப்பட்டது. கமக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருநாள் யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றின் பக்கம் நின்று வாதாடிப் பார்த்தால், தன் தகப்பனின் நியாயத்தையும் முன்னைவிடத் தெளிவாக விளங்கிக்கொள்ளும்.

பாதுகாப்பில் எந்த விட்டுக்கொடுப்பும் கூடாது. வன்னியில் கண்ணிவெடி அகற்றப்படாத நிலம் இன்னும் இருப்பதால், மண்டையோட்டுக் குறியுள்ள பலகைக்கு அப்பாலோ பற்றைக்காட்டுக்குள்ளோ எந்தக் கணக்கெடுப்புக்காகவும் பிள்ளைகள் போகக்கூடாது. குளம் வான் பாயும் வேளையில் அணைக்கட்டுப் பக்கமும் அனுப்பக்கூடாது. சட்டவிரோத மணல் அகழ்வைப் பிள்ளைகளைக் கொண்டு படம் எடுப்பிக்கவே வேண்டாம். அந்த மணலை ஏற்றும் டிப்பர் லொறிகளின் பின்னால் இருப்பவர்களை எதிர்கொள்வது பெரியவர்களின் கடமை.

கடிதம் கொடுத்ததோடு விடயத்தைக் கைவிடுவதே கடைசித் தவறு. இவ்வாண்டு நிதி இல்லை என்று பதில் வந்தாலும் அதை வகுப்பில் வாசித்துக் காட்டவேண்டும். பிரதேச சபைகளின் அடுத்த ஆண்டுப் பாதீடு பெரும்பாலும் ஆண்டின் இறுதியில் முன்வைக்கப்படுவதால், புரட்டாதிக்கு முன் கோரிக்கையைப் புதுப்பித்து, மதகுக் கொப்பியின் பிரதியையும் இணைத்து அனுப்பலாம். தரம் 9க்குச் செல்லும் பிள்ளைகள் அந்தக் கொப்பியை அடுத்துவரும் வகுப்பிடம் ஒப்படைத்தால், வரும் மாரியிலும் அளவெடுப்பு தொடரும்.