மார்கழிக் குளிரில் இட்லி மாவு பொங்க

மார்கழி, தை மாதங்களில் மாலையில் அரைத்து வைத்த இட்லி மாவு மறுநாள் காலையிலும் அரைத்தபடியே கிடப்பது பல வீடுகளில் நடப்பதுதான். உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே இருக்கும் நுண்ணுயிர்கள் 30 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் சுறுசுறுப்பாகப் பெருகி, வாயுவை வெளியிட்டு மாவை உப்ப வைக்கின்றன. குளிரில் அவற்றின் வேலை மந்தமாகிவிடுகிறது. ஆகவே, சமையல் சோடாவைத் தேடும் முன் மாவுக்குக் கொஞ்சம் கதகதப்பு கொடுத்துப் பாருங்கள். அகன்ற குண்டானில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, அதற்குள் மாவுப் பாத்திரத்தை மூடி இறக்கி, இரண்டையும் சேர்த்துக் கனமான போர்வையால் சுற்றி வைத்தால் சூடு நெடுநேரம் தங்கும். கொதிநீர் மட்டும் கூடாது. பாத்திரத்தின் ஓரத்து மாவு வெந்து கட்டிதட்டிவிடும். உளுந்துடன் ஒரு தேக்கரண்டி வெந்தயமும் ஊறவைத்து அரைத்தால், வாயுவைப் பிடித்து வைக்கும் வழவழப்பு மாவுக்குக் கிடைக்கும் என்பதால், குளிர்காலத்தில் அதை நான் விடுவதே இல்லை. பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவை நிரப்ப வேண்டாம். பொங்கிய மாவை அடிவரை கலக்காமல் மேலாக அள்ளித் தட்டில் ஊற்றினால், உள்ளே சேர்ந்த காற்று கலையாமல் இட்லி மெத்தென்று வரும்.