பாட்டிலுக்கு முன் துணி: கார் கழுவும் பொருள்கள் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது கார் வந்த வீட்டுக்கு முதல் மாதத்திலேயே ஒரு பெட்டியும் வந்து இறங்கும். ஆன்லைனில் சலுகை விலையில் பிடித்த 'ஆல் இன் ஒன்' கிட். உள்ளே ஷாம்பு, டாஷ்போர்டு பாலிஷ், டயர் பாலிஷ், கண்ணாடி கிளீனர், கீறல் போக்கும் டியூப், ஒரு மஞ்சள் ஸ்பாஞ்ச், கைக்குட்டை அளவுக்கு ஒரு துணி. பாட்டில்களைப் பார்த்தால் மனசு நிறையும். ஆனால் காரின் மேல் உரசப்போவது அந்த ஸ்பாஞ்சும் துணியும்தான். கிட்டிலேயே மட்டமான பொருள்களும் அவை இரண்டுதான். காசையெல்லாம் பாட்டிலில் போட்டுவிட்டு, பெயின்ட்டைத் தொடுகிற பொருளை இலவசமாக வந்தது போதும் என்று விட்டுவிடுவதுதான் எல்லாத் தவறுக்கும் தலை.

இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே நிறமில்லாத ஒரு படலம் இருக்கும். கிளியர் கோட் என்பார்கள். பெரும்பாலான கார்களில் அதன் தடிமன் 40, 50 மைக்ரான் அளவுதான். நம் தலைமுடியே சுமார் 70 மைக்ரான் இருக்கும். பளபளப்பு, வெயில் தாங்கும் சக்தி எல்லாம் அந்த மெல்லிய படலத்தில் அடக்கம். நம் ஊர்த் தூசியிலோ மணலும் சிமென்ட் தூளும் கலந்திருக்கும். காய்ந்த துணியால் துடைத்தால் அந்தத் துகள்கள் படலத்தின் மேல் இழுபடும். கறுப்பு கார் ஒன்றை இரவில் பெட்ரோல் பங்க் விளக்கின் கீழ் நிறுத்தி பானெட்டைப் பாருங்கள். விளக்கின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் தெரியும். ஓட்டியதால் விழுந்தவை அல்ல, பெரும்பாலும் துடைத்ததால் விழுந்தவை.

துணியில் செய்யும் சிக்கனம்

சிக்னலில் விற்கும் மஞ்சள் துணி, பழைய வேட்டி, பனியன் வேஸ்ட் மூன்றும் காருக்கு வேண்டாம். திருப்பூர்ப் பக்கமிருந்து மூட்டை மூட்டையாக மெக்கானிக் கடைகளுக்கு வரும் பனியன் வேஸ்ட், கிரீஸ் துடைக்க அருமையான சரக்கு. பெயின்ட்டுக்கு அல்ல. அதன் தையல் மடிப்பு ஒன்று போதும், கோடு போட.

மைக்ரோஃபைபர் வாங்குங்கள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். பாக்கெட்டில் ஜி.எஸ்.எம். என்று ஒரு எண் இருக்கும். ஒரு சதுர மீட்டர் துணியின் எடை எத்தனை கிராம் என்பது. கண்ணாடிக்கும் உள்பக்கத்துக்கும் 250, 300 போதும். பாடியில் மெழுகு, ஸ்பிரே துடைக்க 350 முதல் 500 வரை. கழுவிய பிறகு தண்ணீரை ஒற்றி எடுக்க 800-க்கு மேல் உள்ள பெரிய டவல் ஒன்று. தடிமன் கூடினால் எல்லாவற்றுக்கும் நல்லது என்று நினைக்க வேண்டாம். 1200 ஜி.எஸ்.எம். டவலால் கண்ணாடியைத் துடைத்தால் கோடு கோடாகத்தான் நிற்கும். எண்ணே போடாத பாக்கெட்டை அப்படியே திருப்பி வைத்துவிடுங்கள். ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளை முதல் நாளே கத்தரித்து எடுத்துவிடுவது நல்லது.

வாங்கிய பிறகு செய்யும் தவறு துவைப்பதில். பருத்தித் துணிகளோடு சேர்த்து வாஷிங் மெஷினில் போட்டால் பஞ்சு முழுக்க இதில் வந்து ஒட்டும். துணியை மென்மையாக்கும் கண்டிஷனர் ஊற்றினால் இழைகளின் மேல் படலம் கட்டி, தண்ணீரை உறிஞ்சும் குணம் போய்விடும். கொதிக்கக் கொதிக்க வெந்நீரும் ஆகாது. துணி ஒருமுறை தரையில் விழுந்துவிட்டால், எவ்வளவு உதறினாலும் பாடிக்குத் திரும்ப வேண்டாம். டயர் துடைக்கிற கூட்டத்தில் சேர்த்துவிடுங்கள். பாடிக்கு ஒரு நிறம், உள்ளுக்கு ஒரு நிறம், சக்கரத்துக்கு ஒரு நிறம் என்று வாங்கினால் குழப்பமே வராது.

தட்டையான ஸ்பாஞ்சுக்குப் பதில் இழைகள் நீண்டு தொங்கும் வாஷ் மிட் என்ற கையுறை வாங்கலாம். மண் துகள் இழைகளுக்குள் போய்விடும். ஸ்பாஞ்சில் அது பெயின்ட்டோடு அழுந்தியபடியே இருக்கும். கூடவே இரண்டு பக்கெட்: ஒன்றில் ஷாம்பு நீர், இன்னொன்றில் மிட்டை அலச வெறும் நீர். இந்த இரண்டாவது பக்கெட்டைவிட உருப்படியான 'டீடெய்லிங் பொருள்' எந்தக் கடையிலும் கிடையாது. மெழுகு தடவிய நூல் டஸ்டர்களை நான் சிபாரிசு செய்வதில்லை. அழுக்கு காரில் அது செய்வதும் உலர்ந்த துணியின் வேலையைத்தான்.

அபார்ட்மென்ட்டில் மாதச் சம்பளத்துக்குக் கார் துடைக்கும் அண்ணன் இருந்தால், அவர் கையில் ஒரு பக்கெட்டும் ஒரு துணியும்தான் இருக்கும், வரிசையில் உள்ள எல்லாக் கார்களுக்கும். உங்கள் துணியை நீங்களே கொடுங்கள். தினமும் கண்ணாடியை மட்டும் துடைத்தால் போதும், பாடிக்கு வாரம் ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும் என்று சொல்லுங்கள். சம்பளத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

சோப்பு என்றால் எல்லாம் சோப்பு அல்ல

பாத்திரம் தேய்க்கும் லிக்விட் எண்ணெய்ப் பிசுக்கை அறவே எடுப்பதற்கென்று செய்யப்பட்டது. காரின் மேல் போட்டிருக்கும் மெழுகும் அதன் கண்ணுக்குப் பிசுக்குதான். துணி துவைக்கும் பவுடர் இன்னும் மோசம்: காரத்தன்மை அதிகம், கரையாத துகள் பக்கெட்டின் அடியில் தங்கித் துணியோடு ஏறிவரும். தலைக்குப் போடும் சாஷே ஷாம்பு அந்த அளவுக்குக் கெடுதல் இல்லை என்றாலும், அதிலுள்ள கண்டிஷனர் படிந்து கண்ணாடியில் மங்கல் விடும்.

கார் ஷாம்புவில் நீங்கள் காசு கொடுப்பது அழுக்கை எடுப்பதற்கு மட்டுமல்ல, வழுக்கலுக்கும்தான். மிட்டுக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் அந்த வழுக்கல் இருந்தால்தான் மண் துகள் உரசாமல் நழுவும். பி.ஹெச். நியூட்ரல், அதாவது அமிலமும் இல்லை காரமும் இல்லை, என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். பெரிய பிராண்டுதான் வேண்டும் என்பதில்லை. நுரை எவ்வளவு வருகிறது என்பதையும் அளவுகோலாக வைக்க வேண்டாம். உப்பு நீரில் நல்ல ஷாம்புவே நுரைக்காது. நுரை வரவில்லையே என்று மூடி மூடியாக ஊற்றினால், பாட்டில் காலியாவதோடு கழுவக் கழுவ வழவழப்பும் போகாது. பாட்டிலின் பின்பக்கம் எழுதியிருக்கும் கலவை அளவு அலங்காரத்துக்கு அல்ல.

யாரும் கணக்கில் எடுக்காத பொருள், தண்ணீர்

சென்னையில் போர்த் தண்ணீரில் கார் கழுவுபவர்களுக்கு இந்தக் கதை தெரியும். கழுவிவிட்டு டீ குடித்து வந்து பார்த்தால் பாடி முழுக்க வெள்ளை வெள்ளையாய் வட்டம். தண்ணீர் ஆவியாகிப் போக, கால்சியமும் மக்னீசியமும் அங்கேயே உட்கார்ந்துவிடுகின்றன. வெயில் ஏற ஏற அது படலத்தில் கடித்துக்கொண்டுவிடும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் விரும்பத்தக்க எல்லை லிட்டருக்கு 500 மில்லிகிராம் டி.டி.எஸ். (நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு), வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை. கையடக்க மீட்டர் ஒன்று சில நூறு ரூபாய்தான். கார் கிட் வாங்குவதற்கு முன் அதை வாங்கி உங்கள் குழாய் நீரை ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம்.

வீணாகாமல் இருக்கட்டும் என்று ஆர்.ஓ. மெஷினின் கழிவு நீரைப் பிடித்துவைத்துக் கார் கழுவுபவர்கள் பலர். நல்ல மனசுதான், ஆனால் உப்பெல்லாம் திரண்டு வருவது அந்தக் குழாயில்தான். மொட்டைமாடி கழுவ, கழிப்பறைக்கு ஊற்ற அதைப் பயன்படுத்துங்கள். காருக்குப் போர்த் தண்ணீரே கதி என்றால், நிழலில் நிறுத்தி ஒவ்வொரு பகுதியாகக் கழுவி, காய விடாமல் உடனே ஒற்றி எடுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் அரை பக்கெட் மெட்ரோ வாட்டர் ஒதுக்கினால் வித்தியாசம் கண்ணில் தெரியும். வட்டம் விழுந்துவிட்டால், சமையல் வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, சூடில்லாத பாடியில் துணியால் ஒற்றி ஒரு நிமிடம் வைத்துக் கழுவிவிடுங்கள். புதிய கறை போய்விடும். பழையது படலத்தையே அரித்திருந்தால் வினிகர் என்ன செய்யும்?

கீறலை 'மாயமாக்கும்' டியூப்

சென்னையில் கார் உதிரிப் பொருள் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் எந்தக் கடையில் போய் நின்றாலும், "சார், இதைப் போட்டு ஒரு தேய் தேய்ங்க, கீறலே காணாமப் போயிடும்" என்று ஒரு டியூபை நீட்டுவார்கள். பெரும்பாலும் ரப்பிங் காம்பவுண்டு. அதில் நுண்ணிய அரைக்கும் துகள் இருக்கிறது. கீறல் போவது எப்படி என்றால், கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டையும் சேர்த்துத் தேய்த்துச் சமமாக்கி. 40 மைக்ரானில் கொஞ்சம் போகும். போனது திரும்பி வராது. நகத்தால் தடவினால் தட்டுப்படும் கீறல் என்றால் காம்பவுண்டால் ஆகாது, அது டச்-அப் பெயின்ட் வேலை.

பாலிஷும் காம்பவுண்டுக்குத் தம்பிதான், அரைக்கும் வேகம் குறைவு. மெழுகும் சீலன்டும் அரைப்பதில்லை. மேலே படிந்து காப்பவை. புது காருக்கு முதல் நாளிலிருந்து தேவைப்படுவது இந்த இரண்டாவது ரகம் மட்டுமே. பனையிலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகு பளபளப்பு தரும், ஆனால் நம் கோடையில் சில வாரம் தாண்டுவது கஷ்டம். தெளித்துத் துடைக்கும் சீலன்ட் ஸ்பிரே புதிதாய்த் தொடங்குபவருக்குச் சுலபம். இப்போது எல்லாப் பாட்டிலிலும் செராமிக், 9ஹெச் என்று எழுதியிருக்கும். அந்த 9ஹெச் என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. சாவிக்கோ, கல்லுக்கோ, ஆட்டோ பம்பருக்கோ அது பதில் சொல்லாது. தண்ணீர் முத்து முத்தாய் உருள்வது அழகாக இருக்கும், அதற்காக வாங்குவதானால் தாராளமாக வாங்கலாம்.

இடித்துச் சரிசெய்து புதிதாகப் பெயின்ட் அடித்த கதவுக்கு ஒரு மாதமாவது எதுவும் பூச வேண்டாம், உள்ளே உள்ள கரைப்பான் வெளியேற வேண்டும். பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் காருக்குப் பாலிஷ், மெழுகு இரண்டுமே கூடாது. மஞ்சளேறிய ஹெட்லைட்டுக்குப் பற்பசை தேய்ப்பதும் அரைக்கிற வேலைதான். கண்ணுக்குத் தெளியும், ஆனால் பிளாஸ்டிக்கைப் புற ஊதாக் கதிரிலிருந்து காக்கும் மேல்பூச்சு மிச்சம் மீதி இருந்தால் அதையும் எடுத்துவிடும். சில மாதத்தில் மறுபடி மஞ்சள்.

ஆயுத பூஜைக்கு மறுநாள்

பானெட்டில் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று கட்டிய டேப் என்று கார் கோலாகலமாக இருக்கும். மறுநாள் காலை காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டுவதும், பாத்திர நார் கொண்டு தேய்ப்பதும்தான் அந்த வருடத்துக் கீறல்களில் பாதி. காய்ந்த சந்தனம் நைசான மண் மாதிரிதான். ஈரத்துணியைப் பத்து நிமிடம் அதன் மேல் போட்டு வையுங்கள். ஊறியதும் தானே வழிந்துவிடும். வெள்ளைக் காரில் மஞ்சள் கறை நின்றால் பயப்பட வேண்டாம், ஷாம்பு போட்டுக் கழுவி வெயிலில் விடுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலில் வெளுக்கும். டேப்பின் பசைக்குப் பெட்ரோல் வேண்டாம். துணியில் கொஞ்சம் டபிள்யூ.டி-40 தொட்டுத் துடைத்து, அந்த இடத்தைச் சோப்பு நீரில் கழுவினால் போதும். தார் புள்ளிக்கும் இதுவே.

காக்கை எச்சத்துக்கும் ஊறவைக்கிற அதே வைத்தியம்தான், ஆனால் நாள் தள்ளக்கூடாது. அதன் அமிலமும் மதிய வெயிலும் சேர்ந்தால் ஒரே நாளில்கூடத் தழும்பு விழும். டிக்கியில் ஒரு சின்ன ஸ்பிரே பாட்டில் தண்ணீரும் ஒரு துணியும் இருக்கட்டும்.

சக்கரமும் உள்பக்கமும்

அலாய் வீலுக்குக் கழிப்பறை கிளீனர் ஊற்றிப் 'பளிச்' ஆக்கும் வீடியோக்கள் சுற்றுகின்றன. அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அலுமினியத்தை அது என்ன செய்யும் என்பதைப் பள்ளி லேபிலேயே பார்த்திருப்போம். டயரை டீசல் தொட்டுத் துடைத்தால் அன்று கறுப்பாய் மின்னும், ரப்பர் மட்டும் நாளடைவில் ஊறிக் கெடும். தண்ணீர் அடிப்படையிலான டயர் டிரெஸ்ஸிங் வாங்குங்கள். பக்கவாட்டில் மட்டும் தடவுங்கள், சாலையைத் தொடும் பகுதியிலோ பிரேக் டிஸ்க்கிலோ படவே கூடாது.

டாஷ்போர்டில் தேங்காய் எண்ணெய் தடவுவதை விட்டுவிடலாம். தூசி ஒட்டிக்கொண்டு பசை மாதிரி ஆகிவிடும். மின்னுகிற சிலிகான் பாலிஷும் சிக்கல்தான்: மதிய வெயிலில் டாஷ்போர்டின் பிம்பம் முன் கண்ணாடியில் விழுந்து சாலையை மறைக்கும். மேட் ஃபினிஷ் என்று கேட்டு வாங்குங்கள். ஸ்டியரிங், பெடல், கியர் நாப் மூன்றிலும் எந்தப் பாலிஷும் வேண்டவே வேண்டாம், வழுக்கும். டச் ஸ்கிரீனுக்கு அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் ஆகாது. லேசாக ஈரமான மைக்ரோஃபைபர் போதும். கூரைத் துணியைச் சொட்டச் சொட்ட நனைத்தால் பசை விட்டுத் தொங்க ஆரம்பிக்கும்.

கடையில் போட்ட 'லெதர்' சீட் கவர் அநேகமாக ரெக்சின் வகையறாதான். அதற்கு விலையுயர்ந்த லெதர் கண்டிஷனர் வாங்குவது வீண் செலவு, அது உள்ளே இறங்கவே இறங்காது. தலை சாய்க்கும் இடத்தில் படியும் தலைமுடி எண்ணெய்க்கு, பத்து மடங்கு தண்ணீர் கலந்த ஆல் பர்ப்பஸ் கிளீனரும் மென்மையான பிரஷும் போதும். எந்தப் பொருளையும் முதலில் சீட்டுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் போட்டுப் பாருங்கள்.

வாங்கியதையெல்லாம் டிக்கியிலேயே போட்டு வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஸ்பிரே கேன்களில் 50 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று எழுதியிருக்கும். மே மாத வெயிலில் நிறுத்திய கார் அதைச் சாதாரணமாகத் தாண்டும். வீட்டில் வையுங்கள். தண்ணீர் கலந்த கிளீனரைப் பழைய வாட்டர் பாட்டிலிலோ கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள், குழந்தைகள் எடுத்துக் குடித்துவிடுவார்கள். ஸ்பிரே பாட்டில் குறைந்த விலைக்கே கிடைக்கும். மார்க்கரால் பெயரெழுதி உயரத்தில் வையுங்கள்.