பட்டாளமா, நேவியா, ஏர்ஃபோர்ஸா? வாய் கொடுத்து மாட்டிக்கொள்ளும் இடங்கள்

குமரி மாவட்டத்துக் கல்யாண வீடுகளில் மூன்று படையும் ஒரே பந்தலில் உட்கார்ந்திருப்பது சாதாரணக் காட்சி. பெண்ணின் சித்தப்பா பட்டாளத்தில் சுபேதாராக ஓய்வு பெற்றிருப்பார், மாப்பிள்ளையின் மாமா ஏர்ஃபோர்ஸ் வாரண்ட் ஆஃபீசர், மூத்த அத்தான் நேவி. "ஏசி ரூம்ல உக்காந்து பென்ஷன் வாங்குனவரு வந்துட்டாரு" என்று சுபேதார் தொடங்குவார். "நீரு நடந்தே பூட்ஸ் தேஞ்ச ஆளுல்லா, உக்காரும்" என்று பதில் வரும். அத்தான் இருவரையும் பார்த்து, "கரையில நிக்கவனுக்கு என்ன தெரியும்" என்பார். இவர்களுக்குள் சண்டை வராது. ஃபிளெக்ஸ் அடிக்கக் கொடுப்பவரும், மைக் பிடிப்பவரும், சிரிப்பில் பங்குகொள்ள ஆசைப்பட்டு நடுவே புகும் உறவினரும்தான் வினையை இழுத்து வருவார்கள்.

படைக்காரர்களுக்குள் எழுதாத ஒரு வரம்பு உண்டு. படையைக் கிண்டல் செய்யலாம், உடையை, சாப்பாட்டை, சல்யூட்டைக் கிண்டல் செய்யலாம். ஆள் எங்கே நின்றான், என்ன பார்த்தான் என்பதைத் தொடக் கூடாது. வெளியாள் பெரும்பாலும் இதைத்தான் முதலில் தொடுவார்.

அதற்கும் முன்னால் வரும் பிழை, எல்லோரையும் "ராணுவ வீரர்" ஆக்கிவிடுவது. ராணுவம் என்றால் தரைப்படை. முப்பது வருடம் நேவியில் இருந்தவரை மேடையில் "முன்னாள் ராணுவ வீரர்" என்று அழைத்தால் பொன்னாடையை வாங்கிக்கொள்வார், முகம் மட்டும் சுருங்கும். மூவரையும் சேர்த்துச் சொல்ல "முன்னாள் படைவீரர்" என்ற சொல் தயாராக இருக்கிறது. அரசுத் துறையின் பெயரே முன்னாள் படைவீரர் நலத்துறைதான், அழைப்பிதழிலும் அப்படியே போடுங்கள். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். ஆகியவை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வரும் மத்தியக் காவல் படைகள். அவர்களை முப்படைப் பட்டியலில் நுழைத்தாலும் மனத்தாங்கல் வரும், மேடையில் விட்டுவிட்டாலும் வரும். தனியாக, பெயர் சொல்லி அழைப்பதுதான் வழி.

நம் மாவட்டத்துக்கே உரிய இன்னொரு குழப்பம் கல்யாணத் தரகரிடம் ஆரம்பிக்கிறது. "பையன் நேவியில இருக்கான், நல்ல சம்பளம்" என்றால் பத்தில் பல இடத்தில் அது மெர்ச்சண்ட் நேவி, அதாவது சரக்குக் கப்பல், எண்ணெய்க் கப்பல் வேலை. அது சிவிலியன் தொழில். கம்பெனியோடு ஒப்பந்தம், கையில் சி.டி.சி. என்ற கப்பல் பணிச் சான்றுப் புத்தகம். கஷ்டமான, மரியாதையான வேலைதான், ஆனால் படை இல்லை. இந்திய நேவிக்காரர் ஒருவர் அருகில் இருக்கும்போது இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் அன்றைய பேச்சு முழுக்க அந்தத் திருத்தத்திலேயே போய்விடும்.

கேப்டன் என்ற ஒரு சொல் கிளப்பும் வம்பு வேறு எதுவும் கிளப்பாது. தரைப்படையில் அதிகாரியாகச் சேர்ந்து இரண்டு வருடத்தில் கேப்டன் ஆகலாம். நேவியில் கேப்டன் என்பவர் தரைப்படையின் கர்னலுக்குச் சமம், விமானப்படையில் அதற்கு நிகர் குரூப் கேப்டன். தரைப்படைக் கேப்டனுக்குச் சமமானவர் நேவியில் லெப்டினன்ட், விமானப்படையில் ஃப்ளைட் லெப்டினன்ட். எனவே "இவரும் கேப்டன், அவரும் கேப்டன்" என்று இருவரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தால் ஒருவருக்குப் பதினைந்து வருடச் சேவை காணாமல் போகும். அதே மேடையில் சரக்குக் கப்பல் கேப்டனும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

நான்காவதாக ஒரு கேப்டனும் உண்டு, நம் ஊர்களில் அதிகம் காணப்படுபவர் அவர்தான். சிப்பாயாகச் சேர்ந்து, நாயக், ஹவில்தார், நாயிப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் என்று படிப்படியாக ஏறியவர்களில் தேர்ந்தெடுத்த சிலருக்குக் குடியரசு தினத்தன்றும் சுதந்திர தினத்தன்றும் ஹானரரி லெப்டினன்ட், ஹானரரி கேப்டன் பதவி அறிவிப்பார்கள். "ஹானரரி" என்பதைக் கேட்டுவிட்டு "சும்மா கொடுத்த பட்டம்" என்று சிரிப்பது மோசமான தவறு. அதை வாங்க ஓர் ஆயுளே போயிருக்கும். ஃபிளெக்ஸில் இடமில்லை என்று "ஹானரரி"யை வெட்டிவிடுவதும் தவறுதான்; பார்க்கும் மற்ற பட்டாளத்துக்காரர்கள் அவர் பொய்ப் பதவி போட்டுக்கொண்டதாகப் பேசுவார்கள், பழி அவர் தலையில் விழும்.

பதவிக்குப் பக்கத்தில் "ஓய்வு" என்று போடும் இடத்தையும் கவனிக்க வேண்டும். "கர்னல் (ஓய்வு) இன்னார்" என்று அடிப்பதே இங்கே வழக்கம். படை வழக்கப்படி "கர்னல் இன்னார் (ஓய்வு)" என்பதே சரி. ஓய்வு பெறுவது ஆள்; பதவி ஓய்வு பெறுவதில்லை என்பது அவர்கள் கணக்கு.

அதிகாரி அல்லாத பதவிகளில் ஒப்பீடு இன்னும் குழம்பும். தரைப்படை ஹவில்தாரும், நேவியின் பெட்டி ஆஃபீசரும், விமானப்படையின் சார்ஜென்டும் ஒரே நிலை. நாயிப் சுபேதாருக்கு நிகர் சீஃப் பெட்டி ஆஃபீசர், ஜூனியர் வாரண்ட் ஆஃபீசர். சுபேதார் மேஜருக்கு நிகர் மாஸ்டர் சீஃப் பெட்டி ஆஃபீசர் முதல் நிலை, மாஸ்டர் வாரண்ட் ஆஃபீசர். "ஆஃபீசர்" என்ற சொல் இருப்பதாலேயே நேவி அத்தானை அதிகாரி வரிசையில் உட்கார வைத்து, சுபேதார் மேஜரைப் பின்னால் தள்ளிய விழாக்கள் உண்டு. இன்னொன்று, "பெட்டி ஆஃபீசர்னா பெட்டி தூக்கிய வேலையா?" என்ற நகைச்சுவை. அதை நேவிக்காரர் லீவில் வந்த முதல் நாளிலிருந்தே கேட்டு வருகிறார். புதிதாக ஏதாவது யோசியுங்கள்.

ஃபிளெக்ஸ் கடையில் நடப்பது தனிக் கதை. வடிவமைக்கும் தம்பி இணையத்தில் கிடைத்த அழகான போர் விமானத்தை எடுத்து ஏர்ஃபோர்ஸ்காரரின் தலைக்கு மேல் வைத்துவிடுவார். அது பல நேரம் எஃப்-16 ஆக இருக்கும். இந்தியாவிடம் எஃப்-16 கிடையாது, பாகிஸ்தான் விமானப்படையிடம் இருக்கிறது. ஓய்வுபெற்ற சார்ஜென்டுக்கு இதைவிடப் பெரிய அவமானம் தேடினாலும் கிடைக்காது. மற்ற இரண்டு படைக்காரர்களும் அதை வருடக்கணக்கில் சொல்லிக் காட்டுவார்கள். சுகோய்-30, தேஜஸ், ஜாகுவார், மிராஜ், ரஃபேல் ஆகியவற்றில் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். தரைப்படைக்கு வைக்கும் படத்தில் சிப்பாயின் தோள்பட்டையைப் பெரிதாக்கிப் பாருங்கள், அமெரிக்கக் கொடி ஒட்டியிருக்கலாம்.

நேவிக்குப் பழைய கொடியைப் போடுவதும் அடிக்கடி நடக்கிறது. வெள்ளையில் சிவப்புச் சிலுவை போட்ட கொடி 2022 செப்டம்பர் 2 அன்று, கொச்சியில் ஐ.என்.எஸ். விக்ராந்த் படையில் சேர்க்கப்பட்ட நாளில் மாற்றப்பட்டது. இப்போதுள்ளதில் மேல் மூலையில் மூவர்ணம், வலப்பக்கம் நீல எண்கோணத்துக்குள் நேவியின் சின்னம். மேலும், ஐ.என்.எஸ். என்று தொடங்கும் எல்லாமே கப்பல் என்று நினைக்க வேண்டாம். நேவியின் கரைத்தளங்களுக்கும் அதே முன்பெயர்தான். பக்கத்து திருநெல்வேலி மாவட்டத்தில் விஜயநாராயணத்தில் உள்ள ஐ.என்.எஸ். கட்டபொம்மன் தரையில் நிற்கும் ஒலிபரப்பு நிலையம், நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் இடம். அங்கே வேலை செய்தவருக்குப் போர்க்கப்பல் படம் போட்டு வாழ்த்தினால் தரைப்படைக்காரர் சும்மா விடுவாரா? "கப்பலே ஏறாத நேவி" என்பது அன்றிலிருந்து அவர் பெயராகிவிடும்.

பள்ளி விழாக்களில் மூன்று பிள்ளைகளுக்கு மூன்று சீருடை போட்டு ஒரே மாதிரி சல்யூட் அடிக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். முன்வரிசையில் தாத்தா உட்கார்ந்திருக்கிறார் என்பதை மறந்துவிடுகிறார்கள். தரைப்படையில் உள்ளங்கை எதிரில் நிற்பவருக்கு முழுதாகத் தெரிய வேண்டும். நேவியில் உள்ளங்கை தரையைப் பார்க்கும். கயிறும் கிரீஸும் பட்ட கையை மேலதிகாரிக்குக் காட்டக் கூடாது என்று வந்த வழக்கம் என்பார்கள். விமானப்படை 2006 வரை தரைப்படை மாதிரியே அடித்தது, அதன்பின் உள்ளங்கை தரைக்கு 45 பாகைச் சாய்வில் இருக்கும்படி மாற்றிக்கொண்டது. மூன்றிலும் விரல்களும் கட்டைவிரலும் ஒட்டியிருக்க வேண்டும். தலையில் தொப்பி இல்லாமல் கை சல்யூட் வேண்டாம், விறைப்பாக நின்றாலே போதும்.

தேதிகளும் இடம் மாறும். தரைப்படை தினம் ஜனவரி 15, விமானப்படை தினம் அக்டோபர் 8, கடற்படை தினம் டிசம்பர் 4. அடுத்த மூன்றாம் நாள் வரும் டிசம்பர் 7 கொடி நாள், மூவருக்கும் பொது. சட்டையில் குத்தும் அந்தச் சின்னக் கொடியில் சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என மூன்று நிறம் இருப்பது அதனால்தான். என்.சி.சி. கொடியிலும் இதே மூன்று நிறம்தான். கல்லூரிப் பிள்ளைகளுக்குள் ஆர்மி விங், நேவல் விங் போட்டி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

இனி வரம்பு மீறும் கிண்டலுக்கு வருவோம். "கார்கில்ல நீங்க எங்க இருந்தீங்க, கடல்லயா?" என்று நேவிக்காரரைக் கேட்பது பலருக்குப் புத்திசாலித்தனமாகத் தோன்றுகிறது. 1999இல் தரைப்படையின் நடவடிக்கைக்கு ஆபரேஷன் விஜய் என்று பெயர், விமானப்படையுடையது ஆபரேஷன் சஃபேத் சாகர், நேவியுடையது ஆபரேஷன் தல்வார். நேவி அரபிக்கடலில் கப்பல்களைத் திரட்டிப் பாகிஸ்தானுக்கு நெருக்கடி கொடுத்தது. 1971லும் அப்படித்தான், டிசம்பர் 4 இரவு கராச்சித் துறைமுகத்தை ஏவுகணைப் படகுகள் தாக்கியதற்காகத்தான் அந்த நாளே கடற்படை தினமானது. சியாச்சினில் நின்றதைப் பெருமையாகச் சொல்லும் சிப்பாயிடம் ஏர்ஃபோர்ஸ்காரர், "உமக்குச் சோறு எறக்குனது யாரு வேய்?" என்று கேட்பார். அது அவர் கேட்கும் கேள்வி. விமானப்படை ஹெலிகாப்டர்கள் அந்த முகாம்களுக்கு உணவும் எண்ணெயும் கொண்டுபோனது உண்மை, தரைப்படைக்கே சொந்தமான ஹெலிகாப்டர்களும் பறந்தன என்பதும் உண்மை. சுபேதார் அந்தப் பதிலை வைத்திருப்பார். நாம் இடையில் புகுந்து தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

தரைப்படைக்குள்ளேயே இருக்கும் கோடுகளை வெளியார் கவனிப்பதில்லை. மெட்ராஸ் ரெஜிமெண்டும் மெட்ராஸ் சாப்பர்ஸும் வேறு வேறு. முன்னது காலாட்படை, மையம் நீலகிரி வெலிங்டன். பின்னது பொறியாளர் படை, மையம் பெங்களூரு. "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்பது மெட்ராஸ் ரெஜிமெண்டின் போர் முழக்கம். மேடையில் இருப்பவர் தகவல்தொடர்பு பார்க்கும் சிக்னல்ஸா, சரக்கு வழங்கும் சப்ளை கோரா, பீரங்கிப் படையா என்று தெரியாமல் மைக்கில் இதை முழங்கினால் பாதிப் பேர் கைதட்டுவார்கள், பாதிப் பேர் பக்கத்திலிருப்பவரைப் பார்ப்பார்கள்.

குளச்சல் போர் பற்றிய பேச்சும் இதோடு சேர்ந்து வரும். 1741இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படை டச்சுக்காரர்களை வென்றதைக் "கடற்போர்" என்று அறிவிப்பாளர்கள் சொல்வதுண்டு, நேவிக்காரர்கள் அதை ரசிக்கவும் செய்வார்கள். டச்சுக்காரர்கள் வந்தது கடல்வழியே, தோற்றது கரையில், முற்றுகையில். டச்சுப் படையில் வந்து பிடிபட்ட டி லனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படையையே நடத்தினார், அவர் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. திருவிதாங்கூர்ப் படையின் வழிவந்தது 9வது மெட்ராஸ் பட்டாலியன் என்பதால் இந்த வெற்றியைத் தரைப்படை உரிமை கொண்டாடுவதில் நியாயம் இருக்கிறது. "ஐரோப்பியரை வென்ற முதல் ஆசியப் படை" என்ற வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். தைவானில் 1662லேயே டச்சுக்காரர்கள் சீனத் தளபதி ஒருவரிடம் தோற்றுக் கோட்டையை ஒப்படைத்திருக்கிறார்கள். குளச்சலுக்கு அந்த ஒட்டுப்பெருமை தேவையே இல்லை.

கடற்கரை ஊர்களில் விழா என்றால் இன்னும் கவனம் வேண்டும். மரைன் போலீஸ் மாநில அரசினுடையது. கோஸ்ட் கார்டு பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வரும் தனிப்படை, நேவியின் ஒரு பிரிவு கிடையாது. படகு ஓட்டுகிறவருக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும், மேடையில் உளறினால் அவர்தான் முதலில் சிரிப்பார். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி பக்கம் "எங்க படை வந்துதான் மீட்டுது" என்ற பெருமைப் பேச்சை யாரும் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலுக்குப் பிறகு நேவி, கோஸ்ட் கார்டு, விமானப்படை எல்லாம் தேடின. ஆனால் ஆள் திரும்பாத வீடுகள் அந்தத் தெருக்களிலேயே இருக்கின்றன; தேடல் போதவில்லை என்ற கோபமும் அங்கே உண்டு. யார் அதிகம் பேரை மீட்டது என்ற போட்டிக்கு அது இடமில்லை.

சமீபத்தில் சேர்ந்திருக்கும் தவறு அக்னிவீர் பையன்களை "நாலு வருஷக் காண்ட்ராக்ட்" என்று வாருவது. 2022இல் வந்த திட்டப்படி நான்கு வருடம் முடிந்தபின் அதிகபட்சம் நான்கில் ஒரு பங்குப் பேரைத்தான் நிரந்தரமாக எடுப்பார்கள். அந்தப் பையன் ஒவ்வொரு லீவிலும் அதை மனதில் வைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வருகிறான். பழைய ஆட்கள், அதிலும் பதினைந்து வருடம் முடித்துப் பென்ஷனோடு முப்பத்தைந்து வயதில் ஊர் திரும்பியவர்கள், இதைச் சொல்லும்போது யாராவது பேச்சை மாற்றிவிடுவது நல்லது.

எதைக் கேட்பது என்று தெரியாமல் "எத்தனை பேரைச் சுட்டீங்க?", "கேன்டீன் கோட்டா மிச்சம் இருக்கா?" என்று ஆரம்பிப்பவர்கள், "எந்த யூனிட்? முதல் போஸ்டிங் எங்க?" என்று கேட்டுப் பார்க்கலாம். நேவி என்றால் எந்தக் கப்பல், ஏர்ஃபோர்ஸ் என்றால் எந்த டிரேடு, அதாவது எந்த வேலைப் பிரிவு. ஒன்று மட்டும், கடைசி பஸ் பிடிக்க வேண்டிய அவசரம் இருந்தால் கேட்காதீர்கள்.